அறுபத்தெட்டில்

மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்துவிட்டு வந்த வண்டி.
முதலாமவர் பெட்ரோலைக் குறை சொல்லி
டேங்கைக் கழுவினார்.
அடுத்தவர் த்ராட்டில் பாடியை மாற்றிப்
பதினாலாயிரத்துக்கு ரசீது கொடுத்தார்.
சூளகிரிக்காரர் பானட்டைத் திறந்து, மூடி,
அமாவாசை கழியட்டும் என்றாராம்.

ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் என் கடை.
பொம்பளையா என்று வாசலில் ஒரு கணம் நின்று
பிறகுதான் உள்ளே வருவார்கள்.
திம்மராயனும் நின்றார்.
அவர் மனைவி கனகா நிற்கவில்லை.

நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்,
திடீரென்று உயிர் போய்விடும் என்றார்.
எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம்.
பின்னால் கிரானைட் லாரி
ஹாரனிலேயே திட்டும்.
ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி சாவி போட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

ஸ்கேனர் சொன்னது: பி இரண்டு ஒன்று மூன்று எட்டு.
அது நோயின் பெயரில்லை, புகார் எண்.
பெடலுக்குள் இரண்டு சென்சார்.
ஒரே பாதத்தைப் பார்த்து
ஒன்று ஒன்றரை வோல்ட் என்றால்
மற்றது முக்கால் என்று சொல்ல வேண்டும்.
சரிபாதி, எப்போதும் சரிபாதி.
கணக்குப் பிசகினால்
இரண்டையுமே நம்பாது வண்டி.

ஆனால் பிசகவில்லை.
ஆறு ஒயரையும் தொட்டுப் பார்த்தேன்.
ஐந்து வோல்ட் வந்தது. எர்த் சுத்தம்.
சாக்கெட்டில் பச்சை பூக்கவில்லை,
எலி கடிக்கவில்லை.
ஒயர்க் கொத்தைப் பிடித்து உலுக்கினேன்,
எண்கள் அசையவில்லை.
மூன்று டீ ஆறிப்போனது.

"நான் ஓட்டினா வரவே வராதுங்க"
ஸ்டூலில் இருந்தபடி கனகா சொன்னார்.
"அவ சந்தை வரைக்கும்தான் எடுப்பா."
"தர்மபுரி போயிருக்கேன். நாலு தடவை."
"மெதுவா போயிருப்ப."
"நூறுல போனேன்."
அது அவருக்குப் புதுச் செய்தி.

எந்த வேகத்தில் வருது என்று கேட்டேன்.
அறுபத்தெட்டு என்றார்.
எழுபது?
இல்லை, அறுபத்தெட்டு.
ஓசூர் கம்பெனி, காலை ஷிப்ட், ஒன்பது வருஷம்.
மைலேஜ் அதில்தான் கிடைக்கிறதாம்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து முள் மீட்டரை எடுத்தேன்.
கண்ணிமைப்பில் நடப்பதை
டிஜிட்டல் மீட்டர் சராசரியில் மறைத்துவிடும்;
முள்ளுக்கு அந்த நாகரிகம் தெரியாது.
பெடலைக் கையாலேயே அழுத்தினேன்,
தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து
கையை உருவுகிற மாதிரி.
ஏறியது, ஏறியது,
ஓரிடத்தில்
துடித்து விழுந்து எழுந்தது.
மறுபடி. அதே இடம்.
அதற்கு மேலே சுத்தம், கீழேயும் சுத்தம்.

கழற்றி, மூடியை நெம்பினேன்.
உள்ளே நகத்தின் அகலத்தில் ஒரு கரிய தடம்.
அதில் ஓர் அரிசி நீளத்துக்கு மட்டும்
தேய்ந்து வெளுத்திருந்தது.
திம்மராயன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்
கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.
"ஒம்போது வருஷமும் இங்கதானா" என்றார்.
கனகா எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.

புதுப் பெடல் சேலத்திலிருந்து
மறுநாள் பஸ் பார்சலில் வந்தது.
கூலியில் நூறு குறைக்கச் சொன்னார்,
ஐம்பது குறைத்தேன்.
பழைய பெடலைத் தூக்கிப் போடப் போனபோது
கொடுங்க என்று வாங்கி
டாஷ்போர்டில் சுங்கச்சாவடி ரசீதுகளோடு வைத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்க ஓசூர் ரோட்டில் போனோம்.
ஐம்பது. அறுபது. அறுபத்தைந்து.
பாதம் தானாகவே
பழைய இடத்தில் போய் நின்றது.
என் மடியில் ஸ்கேனர்:
ஒன்று புள்ளி நான்கு ஆறு.
பூஜ்யம் புள்ளி ஏழு மூன்று.
மாங்கூழ் ஆலை வாசனை உள்ளே வந்து போனது.
தக்காளி வண்டி ஒன்று எங்களைத் தாண்டியது.
குருபரப்பள்ளி கடந்த பிறகும்
ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடியே இருந்தார்,
இதோ இப்போது விழும் என்பதுபோல.

பின் சீட்டிலிருந்து கனகா சொன்னார்:
"கொஞ்சம் மிதிங்க."