வசன எண் 412

மன்னார்குடி, ஜெராக்ஸ் கடை மாடி.
காசில்லாமல் இறக்கிய மென்பொருள்,
தவணை முடியாத கணினி,
தொண்ணூற்றாறு நிமிடப் படம்.
தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்துப் போடுகிறேன் என்றதும்
டீ கொண்டுவந்த பையன் கேட்டான்:
"எதுக்குண்ணே, நமக்குத்தான் புரியுமே?"

புரியும்,
காது கேட்டால்.

முதல் ராத்திரி எழுத்து பின்தங்கியது.
தொடக்கத்தில் ஒரு கண்ணிமைப்பு,
இடைவேளைக்குள் ஒரு முழுக் காட்சி.
கடைசியில், பாடையில் போகிற மனுஷர்
"சாப்பிட்டுப் போ" என்கிறார்.
அவர்கள் வெட்டியது நொடிக்கு இருபத்தைந்து பிரேம்,
நான் எழுதியது இருபத்து நான்கில்.
ஒன்றே ஒன்றுதான் பிசகு.

அடுத்த வாரம் கொம்பு கழன்றது.
தியேட்டர் பெட்டியில் ஓட்டிப் பார்த்தால்
கொள்ளிடத்துக்குக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்.
ஆபரேட்டர் உத்திராபதி சிரிக்கவில்லை.
"இந்தப் பொட்டிக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் கோத்து எழுத வரும் தம்பி.
படத்தோட படமா ஒட்டிக் கொண்டாந்துடு."
ஒட்டினேன்.
அதன்பின் அது எழுத்தில்லை, வெளிச்சம்.

நொடிக்குப் பதினைந்து எழுத்து தாண்டினால் கண் தடுக்குமாம்.
எந்த எழுத்தை எண்ண?
"நீ" எனக்கு ஒன்று,
மென்பொருளுக்கு இரண்டு.

கூத்தாநல்லூரிலிருந்து ஜுலைகா வந்தாள்.
எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறவள்.
பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லை.
படம் பார்த்துக்கொண்டே நோட்டில் எண் போட்டு எழுதினாள்:

88. [மெல்லிய இசை]. மெல்லிய என்றால்? அழவா, சும்மாவா?
203. [பஸ் ஹாரன்]. வேண்டாம். டிரைவர் கை தெரிகிறது.
412.

412-க்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும்.

அந்த வசனத்துக்குப் பின்னால் நாற்பது நொடி வெறும் படம்.
கடைமடை. மேட்டூர் திறந்து இருபது நாள்.
வெடித்த வாய்க்காலுக்குள் ஒருத்தி நிற்கிறாள்,
தலையை மேற்கே சாய்த்து.
ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினேன்.
ஜுலைகா எழுதினாள்:
"சத்தம் இல்லையா? நீங்கள் போட மறந்தீர்களா?
எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

ஹெட்போனை மாட்டி, முழுசாகக் கூட்டி வைத்துக் கேட்டேன்.
எங்கோ ஒரு டிராக்டர், அதுவும் நின்றது.
ஒரு கரிச்சான்.
பிறகு காற்று மைக்கில் உரசுவது.
இருநூறு தடவை ஓட்டியிருப்பேன் இந்த இடத்தை.
காது இருந்தது, அவ்வளவுதான்.

[நிசப்தம்] என்று அடித்தேன்.
கோயில் வாசலில் மாட்டுகிற சொல்.
அழித்தேன்.
[மௌனம்]. அது பேசத் தெரிந்தவர்கள் வைத்துக்கொள்வது.
அழித்தேன்.
டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.
பிறகு கை தானாக அடித்தது:

[தண்ணீர் சத்தம் இல்லை]

ஜுலைகா திரையைப் பார்த்தாள்,
வாய்க்காலில் நிற்பவளைப் பார்த்தாள்.
நோட்டில்,
"அப்படியானால் இவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்."

ராத்திரி முழுக்கக் கணினி உறுமியது.
மூன்று மணிக்குக் கரண்ட் போய், எழுபத்தொரு சதவீதம் பாழ்.
மறுநாள் ராத்திரி முதலிலிருந்து.
கட்டி முடித்த பிறகு உள்ளே ஒரு புள்ளியைத் தொட்டாலும்
தியேட்டர் பெட்டி சந்தேகப்பட்டு மொத்தத்தையும் தள்ளிவிடும்.
தொடவில்லை.
ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி
உத்திராபதியிடம் கொடுத்தேன்.

ஞாயிறு காலை, பாதி நிறைந்த தியேட்டர்.
படம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்காது,
"வாய்கால் காஞ்சு கெடக்கு" என்று வந்தது கீழே,
ஆளுயரத்துக்கு,
க் இல்லாமல்.

யாரும் அசையவில்லை.
மூன்றாவது வரிசையிலிருந்து ஜுலைகா மட்டும் திரும்பி,
இருட்டில் என்னைத் தேடி,
கையைத் தூக்கினாள்:
ஐந்து விரல்.
பிறகு ஏழு.