ஒன்று குறைகிறது

கொப்பியில் நாற்பத்தெட்டு.
விற்றதையும் இருப்பதையும் கூட்டினால் நாற்பத்தேழு.
இரவு பதினொன்றரை.
ஏகாம்பரம் வீதியில் கடைசி ஆட்டோவும் போய்விட்டது.
ஒரு சவர்க்காரம் எங்கே?

எல்லாரும் செய்வதைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.
செய்வது ஒரு காலைப்பொழுது.
கையுறை போட்டு, மூக்கை மூடி,
தண்ணீருக்குள் காரத்தைக் கொட்டவேண்டும்
(காரத்துக்குள் தண்ணீரை அல்ல,
மாறினால் முகம் மிஞ்சாது).
எண்ணெய் சேர்த்துக் கிண்டக் கிண்டக்
கஞ்சிப் பதம் வரும். அப்போது ஒரு சந்தோசமும் வரும்.
அது இருபது நிமிடம்.

பிறகு ஆறு கிழமை காயவேண்டும்.
மாரி பிடித்தால் எட்டு.
கடற்காற்றில் இவை ஆட்களைப் போல வியர்க்கும்.
படுக்கையில் கிடப்பவரைப் புரட்டுவதுபோல
ஒவ்வொன்றையும் துடைத்து, திருப்பி,
மற்றப் பக்கம் கிடத்துவேன்.
வேம்பு லேபிளை வெட்டிவேருக்கு ஒட்டிய அன்று
பன்னிரண்டையும் நகத்தால் சுரண்டினேன்.

"விலை என்ன?"
படத்திலேயே போட்டிருக்கிறது.
"முந்நூற்றெண்பது" என்கிறேன்.
"கடையில நூற்றைம்பதுக்கு இருக்கே."
இருக்குத்தான் என்று எழுதி, அழித்து,
ஒரு பூப் படம் அனுப்பினேன்.
அவர் அதற்கு ஒரு கும்பிடு அனுப்பினார்.
வியாபாரம் அவ்வளவோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை கூரியருக்குப் போகிற வழியில்
சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு
ஒரு பிளேன்டீ குடித்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
மேல் பெட்டியின் முகவரியைத் தின்றுவிட்டது.
வெள்ளவத்தை இருந்தது. ஒழுங்கை இல்லை.
இலக்கம் அதன் வாயில்.
நான் கத்த,
அது மெதுவாக மென்றபடி
என்னைப் பார்த்தது,
வருமான வரிக் கந்தோர் ஆள் பார்ப்பதுபோல.
ஷிஃபானாவுக்கு அழைத்து முகவரியை மறுபடி கேட்டேன்.
என்ன நடந்ததென்று அவள் நம்பவில்லை.
நாலு மணிக்குக் கூரியர் பூட்டிவிட்டது.

அலஸ்தோட்டத்து ஹோட்டலில்
லோஜிதன் என்றொரு மனேஜர்.
சீசன் தொடங்க அறுபது எடுத்தார்.
சீசன் முடிந்து, வெள்ளைக்காரர் போய்,
குடைகளையும் மடித்தாகிவிட்டது.
"அடுத்த கிழமை அக்கா" என்கிறார்.
அவருடைய அடுத்த கிழமைக்கு
இதுவரை ஒரு திங்களும் வரவில்லை.

சரி, அந்த ஒன்று?
மூலை உடைந்தது பழுதில் இருக்கிறது.
பல் டாக்டருக்குக் கொடுத்தது மாதிரியில் இருக்கிறது.
அலுமாரிக்கு அடியில் விளக்குமாற்றை விட்டேன்,
போன வருசத்து ரசீது ஒன்று வந்தது,
அதற்கு இன்னொரு அரைமணி நேரம்.
முந்நூற்றெண்பது ரூபாய்க்கு
ஆயிரம் ரூபாய் நித்திரை போய்விட்டது.
தெரியும். தெரிந்தும்
கூட்டலை மேலிருந்து ஒருதரம்,
கீழிருந்து ஒருதரம்.

முகம் கழுவப் போனேன்.
கைக்குள் ஏதோ வழுக்கியது.
மீன் செதில்போலத் தேய்ந்து, வெட்டிவேர் மணத்தோடு,
என் முத்திரையின் அரைவாசி இன்னும் அழியாமல்.

நான் குளிப்பது கடைச் சவர்க்காரத்தில்.
அது மலிவு.
பன்னிரண்டாம் திகதி அது தீர்ந்துபோய்,
வாங்கப்போக நேரமில்லாமல்
தட்டில் கைவைத்திருக்கிறேன்.
எழுதவில்லை.
ஒரு மாதமாக என் சவர்க்காரத்தில் குளித்திருக்கிறேன்,
கவனிக்கவும் இல்லை.

எந்தப் பத்தியில் போடுவது?
விற்கவில்லை.
பழுதுமில்லை, நன்றாக நுரைக்கிறது.
மாதிரி என்றால் கருத்துச் சொல்லவேண்டும்.
அன்பளிப்பு என்று எழுதப் பேனை போனது.
அன்னா வரை எழுதி வெட்டினேன்,
எழுத்தும் பிழை, விசயமும் பிழை.

கடைசியில் எழுதினேன்:
முதலாளி. ஒன்று. கடன்.

கூட்டினேன். நாற்பத்தெட்டு.
விளக்கை அணைத்தேன்.
காசை நாளைக்கு அவளிடம் கேட்கவேண்டும்.
என்ன சொல்வாள் என்று தெரியும்,
அடுத்த கிழமை என்பாள்.