பத்தின் மடங்கில்

ராதாபுரம் விலக்கில் எங்கள் எடைமேடை
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.
லாரி வராத பின்னிரவுகளில்
நானே ஏறி நிற்பேன்.
கல்யாணமான புதிதில் அறுபது.
போன கொடைக்கு ஐம்பது.
சித்திரையில்
நாற்பது என்று சிவப்பில் எரிந்தது.

தின்னாமல் இல்லை.
பொன்னுத்தங்கம் வைத்த பாறைக் குழம்பும்
கடைப் பரோட்டாவும் உள்ளே போயின;
போனபடியே வெளியே வந்தன,
பீங்கானில் எண்ணெய்ப் படலமாக.
மூன்று வாளி ஊற்றினாலும் மிதக்கும்.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்தி மங்கினால் நம்பர் பிளேட் தெரியவில்லை.
டிரைவர்மாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன்.
“கண்ணு போச்சாடே தவசிக்கனி, நேத்து எத்தனை குவார்ட்டரு?”
என்பான் மரியசிலுவை.
சொட்டுத் தொட்டதில்லை என்று சத்தியம் பண்ணினேன்.
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஹைகிரவுண்டில் படம் எடுத்தார்கள்.
கணையம் முழுக்கக் கல்.
இந்தப் பக்கத்துக் குவாரிக் கல்லெல்லாம்
என் மேடையில் ஏறித்தான் எல்லை தாண்டும்.
நடைச்சீட்டு இல்லாமல்
எனக்குள்ளேயே ஒரு லோடு.

டாக்டரம்மா சின்னப் பெண்.
சோறு குறையவில்லை,
சோற்றை உடைக்கிற நீர்தான் சுரக்கவில்லை என்றாள்.
கேப்சூல் எழுதினாள். பன்றிக் கணையத்தில் எடுப்பதாம்.
கண்ணுக்கு வேறு மாத்திரை.
“முதல் வாய்க்கு ஒண்ணு, பாதிச் சோத்துல ஒண்ணு.
கை கழுவிட்டுப் போட்டா வீண்.”
லாரி போன பிறகு சீட்டுக் கிழித்து என்ன?
எனக்கு உடனே புரிந்தது.

ஒரு டப்பா, எட்டு நாள் சம்பளம்.
ஆஸ்பத்திரியில் இருந்தால் தருவார்கள்.
இல்லாத மாதம்
பாதிச் சோற்று மாத்திரையை விட்டுவிடுவேன்.
மறுநாள் காலை
தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆறு மாதம் ஆச்சு.
எட்டு மணிக்கும் நம்பர் தெரிகிறது.
பெல்ட்டில் ஆணியால் குத்திய கடைசி ஓட்டை
சும்மா கிடக்கிறது.
ஆஸ்பத்திரித் தராசில் நாற்பத்து நாலு கிலோ அறுநூறு.
மேடை மட்டும் நாற்பதை விட்டு இறங்கவும் இல்லை,
ஏறவும் இல்லை.
நாற்பத்தைந்தைத் தொட்டால் ஐம்பது என்று காட்டும்,
அதன் கணக்கு அப்படி.
நானூறு கிராம் பாக்கி.

நேற்று ஜல்லி ஏற்றி வந்த மரியசிலுவை
டிபன் தூக்கை என் கையில் திணித்தான்.
“இதைப் பிடிச்சிட்டு ஏறுடே, அம்பது காட்டும்.”
ஏறவில்லை.
மூடியைத் திறந்து பார்த்தேன்:
பொரித்த சாளை, எண்ணெய் மினுங்க.
சட்டைப்பையைத் தடவினேன்.
இரண்டு கேப்சூல் இருந்தது.