சேத மதிப்பீடு

சாவி சைக்கிள் கூடையில் வந்தது,
முட்டைக்கோசுக்கும் ரொட்டிக்கும் நடுவில்.
மெரில் பிளம்ஸ்டெட் கதவைத் தோளால் முட்டினார்.
ஒரு கன்னம் உப்பியிருந்தது.
"மழைக்கு ஊதிக்கொள்ளும். ஜூலையில் சமர்த்தாகிவிடும்."
கதவைத்தான் சொன்னார்.

நான் காப்பீட்டு நிறுவனத்து ஆள்.
படிவம், டார்ச், அளவு நாடா.
நார்ஃபோக்கில் இந்த வாரம் இது நான்காவது ஆலயம்.
காலணிமேல் முதலில் விழுந்தது வௌவால் எச்சம்.
"சட்டம் அவற்றின் பக்கம்" என்று துடைப்பத்தை எடுத்தார்.
தரையில் பித்தளைத் தகட்டுப் பிரபு,
மூத்திரம் பட்டுப்பட்டு மூக்கெல்லாம் பச்சை.

கூரையில் ஓக் மரத்துத் தேவதூதர்கள்
இருபத்திரண்டு பேர்.
ஒருவனுக்குக் கையில்லை.
ஒருவன் சிறகில் ஈயக் குண்டுகள்;
உள்ளே புகுந்த காக்கைகளை யாரோ சுட்டார்களாம்.
எழுதினேன்: துப்பாக்கிச் சேதம். காலம் தெரியவில்லை.

பீடத்துக்கு முன்னால் மரத்திரை.
அடிப்பலகைகளில் பன்னிரண்டு புனிதர்கள்,
சிவப்பு அங்கி, பச்சை அங்கி, மறுபடி சிவப்பு.
மடிப்புகளில் இன்னும் பொன்தாள் ஒட்டியிருக்கிறது.
சக்கரம், சாவி, தோலுரிக்கும் கத்தி,
பிடித்த பிடியில் அப்படியே விரல்கள்.
முகங்கள்தான் இல்லை.
குறுக்கும் நெடுக்குமாக உளி,
வெறும் மரம் தெரியும்வரை.
கண்ணிருந்த இடத்தில் கூடுதல் ஆழம்.

எப்போது நேர்ந்தது? படிவம் கேட்டது,
நான் கேட்டேன்.
அலமாரியிலிருந்து ஒரு நகல் தாள் எடுத்துத் தந்தார்,
சேகரத்தின் பழைய வரவு செலவு:
மெழுகு இரண்டு ராத்தல்.
மணிக்கயிறு ஒன்று.
படங்களைச் சுரண்டிய வகையில்
ராஃப் பிளம்ஸ்டெட்டுக்கு இரண்டு நாள் கூலி,
எட்டுப் பென்ஸ்.

"எங்கள் ஆள்தான்."
வெட்கமில்லை, பெருமையுமில்லை.
ஒன்றுவிட்ட தம்பி குடித்துவிட்டு
வேலியில் காரை ஏற்றியதைச் சொல்லும் குரல்.

டார்ச்சை வடக்கு மூலைக்குத் திருப்பினேன்.
பன்னிரண்டாவது பலகையில் ஒரு முகம்!
லேசான மாறுகண், சின்ன வாய்.
குறடில் ஒரு பல்லைக் கவ்வித் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.
பல்லைப் பிடுங்கி வதைக்கப்பட்டவள், அப்பொல்லோனியா.
பல்வலிக்காரர்கள் அவளிடம்தான் முறையிடுவார்கள்.
ஒரு கீறல்கூட இல்லை.

"கூலி என்னவோ பன்னிரண்டுக்கும் வாங்கியிருக்கிறான்" என்றேன்.
மெரில் குனிந்து
அவள் காலடித் தூசியை விரலால் வழித்தார்.
"எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பல் மோசம்."

சேதமாகாதவற்றுக்குக் காரணம் எழுத
படிவத்தில் கட்டமில்லை.
கதவைச் சாத்த இரண்டு பேர் தேவைப்பட்டது.
தோளோடு தோள் நெருங்கித் தள்ளும்போது
அவர் மூச்சில் கிராம்பு மணந்தது.