கெட்டியாகாதது

கறிக்குழம்பில் யாரும் கைவைக்கக் கூடாது.
அது எங்கள் வீட்டுச் சட்டம்.
மஞ்சக்குப்பத்து மாடியில் தீபாவளி ராத்திரிக்கு
அதே குழம்பு, அதே தேங்காய், அதே ஐந்து விசில்.
தொட்டுக்கொள்ள மட்டும்
இந்த வருஷம் புதுசாக ஏதாவது என்று
வாயை விட்டது நான்தான்.

ஓர்ப்படி பெரியநாயகி
பரங்கிக்காயைத் தோலோடு சுட்டு
மேலே பண்ருட்டி முந்திரியை இடித்துத் தூவி
நாலு பக்கமும் போட்டோ எடுத்தபிறகே
மூடியைத் திறக்க விட்டாள்.

நாத்தனார் தில்லைவல்லி
நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள்.
சர்க்கரை ஆலை ஊர்க்காரி
மடியில் வைத்துக் கொண்டுவந்தது
மிளகில் புரட்டிய சேப்பங்கிழங்கு.
பாதி வழியிலேயே
கண்டக்டர் தும்மினாராம்.

கொழுந்தன் சிங்காரவேலு,
ஆனி மாசத்திலிருந்து
தனக்குத் தானே சமைத்துக்கொள்கிறவன்,
ஒரு எவர்சில்வர் டப்பாவை
தண்ணீர்ச் சொம்புக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தான்.
என்னப்பா அது?
"சும்மா. பீட்ரூட். கொஞ்சம் தீஞ்சுபோச்சு."

என் பங்கு புட்டிங்.
திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் ஏழு சீத்தாப்பழம்,
ஒவ்வொரு கொட்டையாய் வழித்தெடுத்து
கடல்பாசி காய்ச்சி ஊற்றி
லாரன்ஸ் ரோட்டில் வாங்கிய
மீன் வடிவ அச்சில் நிரப்பி
ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.
மூன்று மணிக்கு ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.
நாலரைக்கு ஆடியது.
ஆறு மணிக்கு
நான் கதவைத் திறந்த சத்தத்துக்கே ஆடியது.

மழை அன்றைக்கு மத்தியானமே பிடித்துவிட்டது.
கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று
பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.
நனைந்த சரவெடி மூலையில்
ஈரச் சாக்கு மாதிரி கிடந்தது.
இலை போட்டு, சோறு வைத்து,
குழம்புக் கரண்டியை நான் தூக்கவும்
கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

போன புயலுக்கு வாங்கியதில்
மிச்சம் ஒரே ஒரு மெழுகுவர்த்தி.
காற்று இரண்டு தரம் அணைத்தது.
அதற்குள் எல்லார் கையும் சோற்றில்.
எச்சில் கையோடு
தீப்பெட்டியை யார் தேடுவது?

இருட்டில் பாத்திரங்கள் கைமாறின.
எந்தக் கரண்டி எதற்குள் போனதோ.
"நாயகி, பரங்கிக்காய் பிரமாதம்!" என்றார் என் வீட்டுக்காரர்,
மிளகில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.
பெரியநாயகி "ம்" என்றாள்.
தில்லைவல்லி இருமினாள்.
"இது என்ன, இனிப்பாவும் இல்லாம
கசப்பாவும் இல்லாம, இன்னும் கொஞ்சம் போடு"
என்று யாரோ கேட்டார்கள்.
யாரோ போட்டார்கள்.
அப்புறம் கொஞ்ச நேரம்
மழையும் மெல்லும் சத்தமும்தான்.

நான் சுவரைத் தடவி அடுப்படிக்குப் போனேன்.
மீனைக் கவிழ்த்தேன்.
மீன் வழிந்தது.
டம்ளர் டம்ளராய் ஊற்றிக் கொண்டுவந்து
பாயசம் என்றேன்.
குரல் நடுங்கவில்லை.

கரண்ட் வந்தபோது
எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
முதலில் பார்த்தது பாத்திரங்களைத்தான்.
பரங்கிக்காய் பாதிக்கு மேல் அப்படியே.
சேப்பங்கிழங்கில் நாலு துண்டு.
எவர்சில்வர் டப்பா
வழித்துத் துடைத்தது போல் காலி.
யார் தின்றது என்று யாரும் கேட்கவில்லை.
ஒன்பது பேர் விரலும் சிவப்பு,
பரங்கிக்காய்க்காரி விரல்தான் இருப்பதிலேயே சிவப்பு.

சிங்காரவேலு எழுந்து போய்
கைகழுவினான்.
குழாயை மூட மறந்தவன் மாதிரி
ரொம்ப நேரம் கழுவினான்.

பெரியநாயகி மகன் நிலவன் மட்டும்
பல்லில் சிக்கிய கொட்டையை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"பெரிம்மா, பாயசத்துல ஏன் கறுப்புக் கொட்டை?"
அது அதிர்ஷ்டம்டா, முழுங்காதே என்றேன்.

கிளம்பும்போது படியில்
குடையை விரித்துக்கொண்டே தில்லைவல்லி சொன்னாள்:
"அண்ணி, அடுத்த வருஷமும் அதே பாயசம்,
அதே பதம், மாத்திடாதீங்க."

சட்டம் இரண்டாகிவிட்டது.
கடல்பாசிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப்
படித்துக்கொண்டு நிற்கிறேன்.
கெட்டியாக்குவது எப்படி என்று
ஆறு வரியில் போட்டிருக்கிறான்.
கெட்டியாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று
ஒரு வரி இல்லை.