டைல்ஸின் முதுகில் ஒரு கோடு

சாப்பாட்டு டப்பாவில் கொண்டுவந்தான் திம்மராயன்.
மூடியைத் திறந்ததும்
எண்ணெய்ப் பிசுக்கோடு மின்னியது.
"கெணத்துல வந்தது மேடம்.
நாப்பது அடிக்குக் கீழ, வெள்ளைக் கல்லோட ஒட்டிக்கிட்டு.
அடகுக் கடையில காட்டினேன், வெள்ளி இல்லன்னுட்டாரு.
வெள்ளி இல்லன்னா, பின்ன இன்னா இது?"

பர்கூர் கிரானைட் ஆலையில்
பலகைகளின் பளபளப்பை அளப்பது என் வேலை.
படித்தது பாறைகள்.
பதினோரு வருடத்தில் ஒருவரும்
ஒரு கல்லின் பெயரை என்னிடம் கேட்டதில்லை.

ஜன்னலோரம் கொண்டுபோனேன்.
தகர வெள்ளை, ஓரங்களில் லேசான பழுப்பு.
பைரைட்டின் பித்தளை மஞ்சள் இல்லை, அதன் சதுரக் கட்டைகளும் இல்லை.
நெடுக வரியோடிய குச்சிப் படிகங்கள்
யாரோ சிதறவிட்ட பென்சில் துண்டுகள்போல.
கத்தியால் கீறினேன்; தேய்ந்தது கத்தி.
ஈயக் கல்லாயிருந்தால் இந்நேரம் விட்டுக்கொடுத்திருக்கும்.
காந்தம் கண்டுகொள்ளவேயில்லை.

உடைந்த குளியலறை டைல்ஸ் ஒன்று கிடந்தது.
மெருகில்லாத அதன் முதுகில் அழுத்தி இழுத்தேன்.
வெள்ளி நிறக் கல்
கரிக்கோடு போட்டது.

"உடைக்கும்போது ஏதாவது வாசனை வந்ததா?"

அவனுக்குச் சிரிப்பு.
"அத ஏன் கேக்கறீங்க!
சம்மட்டி விழறப்பல்லாம்
மேல யாரோ பூண்டு நசுக்கற மாதிரி.
நாலு பேருக்கும் பத்து மணிக்கே பசி எடுத்துடும்.
'ரசமா வெக்கிறீங்க?'ன்னு
உள்ளேயிருந்து கத்துவான் மச்சான்."

இரண்டாவது ஜன்னலையும் திறந்தேன்.

பாஷாணக் கல் என்றேன்.
இரும்பு, கந்தகம், ஆர்சனிக் மூன்றும் ஒன்றையொன்று
விடாமல் பிடித்திருக்கும் கல்.
பாறைக்குள் கிடக்கும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும்.
உடைத்து, குவித்து, மழையில் போட்டால்
பிடி தளரும், தண்ணீரோடு நடக்கத் தொடங்கும்.
"தோண்டின கல்லை எங்கே கொட்டினீங்க?"

"ஆட்டுத் தொட்டியச் சுத்திப் பரப்பிட்டோம், சேறாவாம இருக்கட்டும்னு."
கொஞ்ச நேரம் டப்பா மூடியையே திருகிக்கொண்டிருந்தான்.
"கோலார்ல ஓடற தங்க நரம்போட வாலு
மகராஜகடை வரைக்கும் வருதுன்றாங்களே.
இதுல இருக்குமா மேடம்?"

இருக்கலாம்.
எந்தக் கண்ணுக்கும் தெரியாதபடி
தங்கத்தை உடம்புக்குள் வைத்திருக்கக்கூடியது இது.
எடுக்க வேண்டுமானால் முதலில் வறுக்க வேண்டும்.
வறுத்தால் வெண்புகை.
புகை ஆறினால் மாவுபோல் வெள்ளைத் தூள்
சுவரில், ஓட்டில், மூடாத சோற்றுப்பானையில்.
சொன்னால் இன்று ராத்திரியே அடுப்பு மூட்டுவான்,
மச்சான் ஊதுகுழலோடு உட்காருவான்.

"இல்லை" என்றேன்.

"கொஞ்சங்கூட?"

"குந்துமணி அளவுகூட இல்லை."

அந்த டப்பாவில் இனிச் சாப்பிடாதே என்று
என் டிபன் பாக்ஸைக் கொடுத்தேன்.
கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பாட்டில்:
அதே தண்ணீரில் மூன்று முறை அலசு,
விளிம்புவரை நிரப்பு, வியாழக்கிழமை கொண்டுவா.
அதுவரை ஆடும் குடிக்க வேண்டாம், நீங்களும் வேண்டாம்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.
பிறகு கல்லுக்குக் கை நீட்டினான்.

"இங்கேயே இருக்கட்டும்."
சற்று வேகமாகத்தான் சொல்லிவிட்டேன் போல.

நீட்டிய கை மேசைமேல் நின்றது.
டைல்ஸைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான்,
கடைசியாக என்னை.

"அடகுக் கடைக்காரரும் இப்படித்தான் மேடம்,
'ஒண்ணுமில்ல, வெச்சுட்டுப் போ'ன்னாரு."