புதுசு ஏதாச்சும் உண்டா

காலை ஐந்து ஐம்பதுக்கு
எடைமேடைக் கணினியை எழுப்பினால்
முதல் வேலையாக அது ஊருலகத்தைக் கேட்கிறது:
புதுசு ஏதாச்சும் உண்டா?

கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்.
எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து திரும்பி
நாற்பதடிப் பெட்டியோடு முதல் டிரெய்லர்
பலகைமேல் ஏறி நிற்கும்.
பின்னால் பதினாறு.
அதற்கும் பின்னால் நான் எண்ணியதில்லை.
தலைப்புகளுக்காகக் காத்திருக்கிறேன் என்கிறது திரை.
பூஜ்யம் சதவீதம்.

இறங்கி வந்து ஜன்னலைத் தட்டுவார் தணிகாசலம்.
"இன்னாக்கா, மிஷினு தூங்குதா?"
"தூங்கல. விசாரிக்குது."
"யாராண்ட?"

அதற்குப் பதில் எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிறு மதியம், பலகை காலி,
மணலிப் பக்கமிருந்து வழக்கமான வாடை.
டெர்மினலைத் திறந்து
பட்டியலை முதல் வரியிலிருந்து படித்தேன்.
யார் யாரையோ கேட்டிருக்கிறது பாவம்.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த ஆரோன்
பிரிண்டருக்கென்று ஒரு வரி சேர்த்திருக்கிறான்.
அந்தப் பிரிண்டர் காயலான் கடைக்குப் போய் நாலு வருஷம்.
ராத்திரி ஷிப்டில் படம் பார்க்க ஒன்று.
எதற்கென்றே தெரியாமல் மூன்று.
அதில் ஒன்று ஏதோ குளிர்நாட்டில்
எப்போதோ மூடிவிட்ட சர்வர்.
தினமும் காலையில் அதன் கதவைத் தட்டி
முப்பது விநாடி நின்று
மறுபடி தட்டி, மறுபடி முப்பது,
ஆளில்லை என்று எழுதிவைத்துவிட்டு
மறுநாள் அதே கதவுக்குப் போகிறது.

கால்வாய்க் கரையிலிருந்து எங்களை எடுத்து
எர்ணாவூர் அடுக்குகளில் போட்டு ஆறு வருஷமான பின்னும்
இடித்த வீட்டு நம்பருக்கு
வங்கிக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது.
தபால்காரர் அதை வலைக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்.
முகவரி மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை.
ஏனென்று கேட்காதீர்கள்.

இங்கே சுலபம்.
வரியின் தலையில் ஒரு ஹாஷ் குறி.
அழிக்கவில்லை.
இனிமேல் அங்கே போகாதே, அவ்வளவுதான்.

மூல நிரல் வேண்டாம், எடை போட அது எதற்கு.
பதினோரு மொழியில் விளக்கம் வேண்டாம்
(தமிழை விட்டுவைத்தேன்,
அதில் பாதி காலி என்று தெரிந்தும்).
புது முகவரி முறையில் போய் முட்டிக்கொள்ளாதே,
எங்கள் தெருக் கம்பிக்கு அது இன்னும் வரவில்லை,
பழையதிலேயே போ.
பிறகு கண்ணாடி.
ஒரே சரக்கின் நகலை ஊர் ஊராய் வைத்திருக்கும் சர்வருக்கு
அப்படித்தான் பேர்.
இத்தனை நாளும் கடல் தாண்டிப் போய்
முகம் பார்த்திருக்கிறோம்,
இதே ஊரில் ஒரு கல்லூரி
கண்ணாடி மாட்டி வைத்திருக்க.

நேரம் பார்த்தேன்.
ஒன்றரை நிமிஷமாய் இருந்தது நாலு விநாடி.
இன்னொரு தடவை: மூன்று.
இன்னொரு தடவை, தேவையே இல்லாமல்.
மாறவில்லை மாறவில்லை மாறவில்லை என்று
வரிசையாய் விழுந்த பதில்
இவ்வளவு சந்தோஷம் தருமென்று
யாரிடமும் சொன்னால் சிரிப்பார்கள்.

திங்கள், ஐந்து ஐம்பது.
தணிகாசலம் கதவைத் திறந்து
ஒரு காலைப் படியில் வைக்கும்போதே
சீட்டு வெளியே வந்துவிட்டது.
முப்பத்தொன்று டன், நானூற்று இருபது கிலோ.
வாங்கிப் பார்த்தார்.
யார்டில் கொடுத்த சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.
எண்பது கிலோ கூடுதல்.

"தெனமும் நான் எறங்கி டீ சொல்லிட்டு வர்றதுக்குள்ள
மெதுவா எடை போடுவ.
இன்னைக்கு என்னியும் சேத்துப் போட்டுக்கினியேக்கா."

இறங்கச் சொன்னேன்.
டீக்கடைப் பக்கம் போனார்.
மறுபடி போட்டேன், முந்நூற்று நாற்பது.
கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு
நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார்.

பின்னால் பதினாறு பேரும்
ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.